கோபைலட் லைசென்ஸ் 85 பேருக்கும் எடுக்கறதா, மீட்டர்ல ஓட்டறதா? கொட்டேஷன் பாத்து தலை சுத்துதுங்க

வால்வ்_ஐடி

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல வால்வ், பம்ப் பார்ட்ஸ் பண்ற கம்பெனில ஐடி பாக்கறேன். ஐடின்னா நான் ஒருத்தன்தான், பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. மொத்தம் 85 பேருக்கு மெயில் ஐடி இருக்கு, எல்லாமே மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட். எங்க எம்.டி ஒரு எக்ஸிபிஷன் போயிட்டு வந்தாருங்க, வந்ததுல இருந்து "எல்லாருக்கும் ஏஐ போட்டு உட்டுடு"ங்கறாரு. ரீசெல்லர்கிட்ட வாயைத் தொறந்து கேட்டது ஒரு தடவைதான், அடுத்த நாளே கோபைலட்டுக்கு (வேர்ட், எக்ஸெல், அவுட்லுக்குக்குள்ள வர்ற மைக்ரோசாஃப்ட் ஏஐ) கொட்டேஷன் வந்துடுச்சு: 85 சீட் (ஆளுக்கு ஒரு லைசென்ஸ்), ஒரு வருஷம், முழுத் தொகையும் முன்னாடியே கட்டணும். கீழ சின்ன எழுத்துல "பே அஸ் யூ கோ ஆப்ஷனும் உண்டு"ன்னு ஒரு வரி, அது என்னன்னு போன்ல கேட்டா "அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம் சார்"னுட்டாரு. வேண்டாம்னு சொன்னதுனாலயே அது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுது. இங்க யாராச்சும் இந்த வழியா போயிருந்தா சொல்லுங்க.

பழைய_அட்மின்

கொட்டேஷன்ல ப்ராடக்ட் பேரு என்ன போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க, பாதி விஷயம் அதுலயே இருக்கு.

மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் 2023 நவம்பர் 1ம் தேதி வந்தப்ப ஆளுக்கு மாசம் 30 டாலர், அதுவும் குறைஞ்சது 300 சீட் எடுத்தாத்தான்னு கண்டிஷன். உங்க சைஸ் கம்பெனி கேக்கவே முடியாது. 2024 ஜனவரில அந்த 300ஐ தூக்கிட்டாங்க. அப்புறம் 2025 டிசம்பர்ல 300 பேருக்குள்ள இருக்கற கம்பெனிகளுக்குன்னு "கோபைலட் பிசினஸ்"னு தனியா இறக்கினாங்க, அது 21 டாலர். உங்களுக்குப் பொருந்தறது இந்த 21தான். ரெண்டுமே ஆட்-ஆன், அதாவது இப்ப கட்டற பிசினஸ் ஸ்டாண்டர்ட் காசு அப்படியே இருக்கும், இது அதுக்கு மேல.

டாலரை 88 ரூபான்னு தோராயமா வச்சுக்குவோம். 85 பேர், 21 டாலர், 12 மாசம்னா 21,420 டாலர், அதாவது 18 லட்சத்து 85 ஆயிரம். மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரூபாயில வர்ற லிஸ்ட் ப்ரைஸ் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா எம்.டிகிட்ட பேச இந்த நம்பர் போதும். "எல்லாருக்கும்"ங்கற ஒரு வார்த்தைக்கு ஜிஎஸ்டியோட 22 லட்சம்.

விலையை விட முக்கியம் டெர்ம். வருஷ ஒப்பந்தம் போட்டா முதல் 7 நாளுக்குள்ளதான் கேன்சல் பண்ணவோ சீட்டைக் குறைக்கவோ முடியும். 8வது நாள்ல இருந்து வருஷக் கடைசி வரைக்கும் கூட்டலாம், குறைக்க முடியாது. பத்து பேர் ராஜினாமா பண்ணிட்டுப் போனாலும் அந்த பத்து சீட்டுக்கு காசு போயிட்டே இருக்கும். மாசா மாசம் கட்டறேன்னு சொல்லலாம், ஆனா ஒப்பந்தம் அப்பவும் ஒரு வருஷம்தான், 5 சதவீதம் கூட வேற வாங்குவாங்க. நிறைய பேர் "மாச பில்லிங்"னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு நினைச்சுக்கறாங்க. பில்லிங் வேற, கமிட்மென்ட் வேற.

வால்வ்_ஐடி

அண்ணா, இப்பத்தான் திறந்து பாத்தேன். 30 டாலர் ஐட்டம்தான் போட்டிருக்காங்க! பேரு "மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்"னு மட்டும் இருக்கு, பிசினஸ்ங்கற சொல்லே இல்ல.

பழைய_அட்மின்

நினைச்சேன். பழைய டெம்ப்ளேட்ல அடிச்சு அனுப்பியிருக்கலாம், கெட்ட எண்ணம்னே சொல்ல முடியாது. ஆனா ஆளுக்கு மாசம் 9 டாலர் வித்தியாசம், 85 பேருக்கு ஒரு வருஷத்துல 9,180 டாலர். மெயில்லயே கேளுங்க, போன்ல வேண்டாம்.

ரசமலாய்78

எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க. முக்கால்வாசி பேர் லீவ் லெட்டரை இங்கிலீஷ்ல அழகா எழுதிக்கறாங்க. ஹெச்ஆருக்கு இப்ப எந்த லெட்டரைப் பாத்தாலும் யாரு எழுதினதுன்னே தெரியல 😂

கிரெடிட்_கணக்கன்

அந்த சின்ன எழுத்து விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா ரீசெல்லர் சொல்லாம விட்டது அதைத்தான்.

உங்க 85 பேருக்கும் கோபைலட் சாட் ஏற்கனவே இருக்கு, ஆபீஸ் ஐடில லாகின் பண்ணினா போதும், தனிக்காசு கிடையாது. அது இன்டர்நெட்டைப் பாத்து பதில் சொல்லும், ஃபைல் ஏத்தினா படிச்சு சொல்லும், கம்பெனி ஃபைலெல்லாம் போட்டு வைக்கற ஷேர்பாயின்ட்டைத் தானா போய் தோண்டாது. காசு குடுக்கற லைசென்ஸுக்கும் இதுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அந்த தோண்டறதுதான்.

இப்ப நடுவுல ஒரு வழி இருக்கு. எஸ்ஓபி (வேலை செய்முறைக் குறிப்பு), கேட்டலாக், விலைப்பட்டியல் எல்லாம் ஷேர்பாயின்ட்ல இருக்குன்னா அதுக்கு மேல ஒரு ஏஜென்ட் (அந்த ஃபைல்களைப் பாத்து பதில் சொல்ற சாட் பாட்) உருவாக்கி விடலாம், லைசென்ஸ் இல்லாத ஆளும் அதுகிட்ட கேள்வி கேக்கலாம், கேட்ட அளவுக்கு மட்டும் ஆஷூர் (மைக்ரோசாஃப்டோட க்ளவுட்) பில்லுல ஏறும், இதைத்தான் மீட்டர்ங்கறோம். இதுக்கு யூனிட் கிரெடிட், 2025 செப்டம்பர் வரைக்கும் மெசேஜ்னு சொல்லிட்டு இருந்தாங்க. பதில் எழுதறதுக்கு 2 கிரெடிட், கம்பெனி டேட்டாவுக்குள்ள தேடறதுக்கு 10, ஆக ஒரு கேள்விக்கு 12. ஒரு கிரெடிட் ஒரு சென்ட். அப்ப ஒரு கேள்வி 12 சென்ட், நம்ம காசுல பத்து ரூபாய்க்கு கொஞ்சம் மேல.

இதை 21 டாலரோட வச்சுப் பாருங்க. 21ஐ 12 சென்ட்டால வகுத்தா மாசம் 175 கேள்வி. 22 வேலை நாள்னா ஒரு நாளைக்கு 8. நாளைக்கு 8 கேள்விக்கு மேல கேக்கற ஆளுக்கு சீட் லாபம், அதுக்குக் கீழன்னா மீட்டர் லாபம். உங்க ஸ்டோர்ஸ்ல இருக்கறவரு தினம் ரெண்டு தடவை "இந்த கேஸ்கெட் எந்த மாடலுக்கு"ன்னு கேப்பார், அவ்வளவுதான், மாசம் 5 டாலர் சொச்சம். அவருக்குப் போய் 21 டாலர் எதுக்கு?

சென்னை_ஆப்ஸ்

> நாளைக்கு 8 கேள்விக்கு மேல கேக்கற ஆளுக்கு சீட் லாபம்

கணக்கு சரி, ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. சீட்டுங்கறது ஏஜென்ட்கிட்ட கேள்வி கேக்கறதுக்கு மட்டும் இல்லையே. டீம்ஸ் மீட்டிங் முடிஞ்சதும் யாரு என்ன பண்றேன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு எடுத்துத் தரும், அவுட்லுக்ல நாப்பது மெயில் நீள சங்கிலியை சுருக்கித் தரும், இதெல்லாம் மீட்டர்ல வராது. அப்புறம் மீட்டர் ஓடுதுன்னு தெரிஞ்சா ஆளுங்க கேக்கவே மாட்டாங்க, ஆட்டோல உக்காந்து ரோட்டைப் பாக்காம மீட்டரையே பாத்துட்டு வர்ற மாதிரி. எங்க ஆபீஸ்ல ஒரு மேனேஜர் "தேவையில்லாம கேக்காதீங்க, பில் வருது"ன்னு சர்குலரே போட்டாரு. அப்புறம் எதுக்குய்யா அது?

கிரெடிட்_கணக்கன்

சர்குலர் போட்ட மேனேஜரை என்ன சொல்றது 🙏 ஆனா உங்க முதல் பாயின்ட் சரி. மீட்டிங்லயும் மெயில்லயும் நாள் முழுக்க மூழ்கி இருக்கறவங்களுக்கு சீட், மத்தவங்களுக்கு மீட்டர், இதைத்தான் நானும் சொல்றேன். சீட் இருக்கறவங்க ஆபீஸ் ஆப்ஸுக்குள்ள அந்த ஏஜென்ட்டை யூஸ் பண்ணினா அவங்களுக்கு தனியா கிரெடிட் கழியாது, அதையும் சேத்துக்கோங்க.

பழைய_அட்மின்

மீட்டர் பக்கம் போறவங்க ஒண்ணு மறக்காதீங்க. ஆஷூர்ல பட்ஜெட்னு ஒண்ணு செட் பண்ணுவீங்க, "மாசம் 100 டாலர்"னு. அது எதையும் நிறுத்தாது. தாண்டினா மெயில் மட்டும் அனுப்பும், ஓடறது ஓடிட்டேதான் இருக்கும். அந்தச் செலவுக் கணக்கும் உடனுக்குடன் வராது, சில மணி நேரம் கழிச்சு, சில நேரம் மறுநாள்தான் காட்டும். அதனால யாரெல்லாம் மீட்டர்ல இருக்கலாம்னு ஒரு குரூப் போட்டு அந்த குரூப்புக்கு மட்டும் பில்லிங் பாலிசியை மாட்டுங்க. மொத்த டெனன்ட்டுக்கும் (அதாவது கம்பெனில இருக்கற எல்லா ஐடிக்கும்) திறந்து விட்டுட்டு அப்புறம் அலர்ட் மெயிலை நம்பி உக்காந்திருக்காதீங்க.

முன்பணம் கட்டி பேக் வாங்கற வழியும் உண்டு, 25,000 கிரெடிட் மாசம் 200 டாலர். கிரெடிட்டுக்கு 0.8 சென்ட் ஆவுது, மலிவுதான். ஆனா மாசக் கடைசில மிச்சம் இருக்கறது அடுத்த மாசத்துக்கு வராது. ரெண்டு மூணு மாசம் மீட்டர்ல ஓட்டி உங்க அளவு தெரிஞ்ச பிறகு பேக்கைப் பத்தி யோசிங்க.

புதுசு_புதுசா

ஏங்க இவ்வளவு கஷ்டம், சாட்ஜிபிடி கோ மாசம் 399 ரூபாதானே, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டு போகலாமே? 85 பேருக்கு 34 ஆயிரம்கூட வராது

சென்னை_ஆப்ஸ்

அது தனிமனுஷங்களுக்கான ப்ளான் பாஸ். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அக்கவுன்ட், அவங்க வேலையை விட்டுப் போனா அந்த ஹிஸ்டரியும் கூடவே போகும், நீங்க அட்மினா எதையும் பாக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது. செட்டிங்ஸ்ல அணைக்கலேன்னா அதுல டைப் பண்றது மாடல் ட்ரெயினிங்குக்கும் போகலாம். கஸ்டமர் டிராயிங்கைப் போட்டு விளக்கம் கேட்டாங்கன்னு வைங்க, என்டிஏ (ரகசியம் காக்கற ஒப்பந்தம்) போட்டிருக்கற கஸ்டமர்கிட்ட என்ன பதில் சொல்வீங்க?

கம்பெனிக்கான வரிசை வேற. சாட்ஜிபிடி பிசினஸ் (2025 ஆகஸ்ட் வரைக்கும் டீம்னு பேரு) குறைஞ்சது 2 சீட், கிளாட்ங்கற இன்னொரு ஏஐயோட டீம் ப்ளான் குறைஞ்சது 5 சீட். 2025ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைலதான் இருந்துச்சு, வருஷக் கணக்குன்னா ஆளுக்கு மாசம் 25 டாலர், மாசக் கணக்குன்னா 30. ரெண்டுலயும் கம்பெனி டேட்டாவை டிஃபால்ட்டா ட்ரெயினிங்குக்கு எடுக்க மாட்டோம்ங்கறாங்க. எழுதறதுக்கும் எக்ஸெல்லை அலசறதுக்கும் இதுங்க நல்லாவே இருக்கும்.

கொழும்புக்_காகம்

நாங்கள் கூகுள் வேர்க்ஸ்பேஸ்தான் பாவிக்கிறம். அதில இந்தப் பிரச்சினை கொஞ்சம் குறைவு எண்டுதான் சொல்லோணும். முதல்ல 2023இல கூகுளின்ர ஏஐ டூயட் எண்டு 30 டொலருக்கு வந்தது, பிறகு பேரை ஜெமினி எண்டு மாத்தி 20 டொலர் அட்-ஓன் ஆக்கினவை, எங்கட போஸ் ரெண்டு தரமும் வேண்டாம் எண்டிட்டார். 2025 ஜனவரியில அட்-ஓனையே எடுத்துப்போட்டு எல்லாப் பிஸ்னஸ் பிளானுக்குள்ளயும் சேர்த்திட்டினம், ஸ்டாண்டர்ட் 12 டொலரில இருந்து 14 ஆச்சுது. வேணுமோ வேண்டாமோ எண்டு கேக்கவே இல்லை, ஆனா ரெண்டு டொலருக்கு எல்லாருக்கும் கிடைச்சுது. இன்னுமொண்டு, ஃப்ளெக்ஸிபிள் பிளான் எண்டால் ஆள் போனவுடன சீட்டைக் குறைக்கலாம், விலை கொஞ்சம் கூட. எங்களுக்கு ஆக்கள் வெளிநாடு போறதும் வாறதுமாய் இருக்கிறபடியால் அதுதான் சரிவருது.

வால்வ்_ஐடி

அண்ணா அது கேக்க நல்லா இருக்கு, ஆனா எங்க ஈஆர்பில (ஸ்டாக், கணக்கு எல்லாம் பாக்கற சாஃப்ட்வேர்) இருந்து வர்றது எல்லாம் எக்ஸெல் மேக்ரோ, கூகுள் மாறினா அக்கவுன்ட்ஸ்ல என்னைய உசுரோட விட மாட்டாங்க.

டேலி_அக்கா

அக்கவுன்ட்ஸ்னதும் வந்துட்டேன். இந்த இழையில யாரும் டாக்ஸைப் பத்தி பேசலை, 18 சதவீதம்னு ஒரு வரி போட்டுட்டு நகந்துட்டீங்க.

இந்தியா ரீசெல்லர்கிட்ட ரூபாயில வாங்கினா சிக்கல் இல்ல. ஜிஎஸ்டி போட்டு இன்வாய்ஸ் வரும், உங்க ஜிஎஸ்டி நம்பர் அதுல சரியா இருக்கணும், இன்புட் க்ரெடிட் (கட்டின ஜிஎஸ்டியை நாம கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கறது) எடுத்துக்கலாம். 22 லட்சம்னு எம்.டியை பயமுறுத்தறதுக்கு முன்னாடி அந்த 3 லட்சத்து சொச்சம் திரும்பி வரும்னும் சொல்லிடுங்க.

வெளிநாட்டு கம்பெனிகிட்ட நேரா கார்டுல வாங்கினா கதை வேற. ஜிஎஸ்டி நம்பரைக் குடுத்தா அவங்க டாக்ஸ் போட மாட்டாங்க, சரி மிச்சம்னு சந்தோஷப்படாதீங்க, ரிவர்ஸ் சார்ஜ்ல நாமதான் கட்டணும். கையில க்ரெடிட் இருக்கேன்னு அதுல கழிக்க முடியாது, பணமாத்தான் கட்டணும், கட்டின பிறகு அதை க்ரெடிட்டா எடுத்துக்கலாம். ஜிஎஸ்டி நம்பர் குடுக்காம வாங்கினா தனி ஆள் வாங்கின மாதிரி டாக்ஸ் போட்டு அனுப்புவாங்க, அந்த க்ரெடிட் போனது போனதுதான். மேனேஜர் அவசரத்துக்கு சொந்தக் கார்டுல வாங்கிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்டு ஒரு ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புவார் பாருங்க, அது எனக்கு மாசா மாசம் வர்ற தலைவலி.

இன்னொண்ணு, கார்டுல ஆட்டோ டெபிட். 15,000 ரூபாய்க்கு மேல போனா ஒவ்வொரு மாசமும் ஓடிபி போட்டாத்தான் போகும், ஆர்பிஐ ரூல். கார்டு ஓனர் எங்கயோ கல்யாண வீட்ல இருப்பாரு, ஓடிபி போடாம விட்டா பேமென்ட் ஃபெயில். பத்து சீட் வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா இன்வாய்ஸ் போட்டு பேங்க் ட்ரான்ஸ்ஃபர் பண்ற மாதிரி கேளுங்க. டாலர் கார்டுன்னா பேங்க் ஃபாரெக்ஸ் மார்க்கப் வேற பிடிப்பான்.

வால்வ்_ஐடி

அக்கா இதை அப்படியே எங்க அக்கவுன்ட்ஸுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேனுங்க.

கமிட்_புஷ்

சாஃப்ட்வேர் டீம் வச்சிருக்கறவங்களுக்கு: கோட் எழுத உதவற கிட்ஹப் கோபைலட் வேற ஐட்டம், பேரு ஒண்ணா இருக்குன்னு குழப்பிக்காதீங்க. பிசினஸ் 19 டாலர், என்டர்ப்ரைஸ் 39. 2025 ஜூன்ல இருந்து அதுக்கும் ஒரு மீட்டர் மாட்டினாங்க, அப்ப பிசினஸ்ல ஆளுக்கு மாசம் 300 ப்ரீமியம் ரிக்வெஸ்ட், தாண்டினா ஒவ்வொண்ணுக்கும் 4 சென்ட்னு வச்சாங்க. பாக்க சின்னதுதான், ஆனா பெரிய மாடலை செலக்ட் பண்ணி வச்சா ஒரே கேள்விக்கு 10 ரிக்வெஸ்ட் கழிச்சதும் உண்டு. முப்பது கேள்வில 300ம் காலி. ட்ராப்டவுன்ல எந்த மாடல் இருக்குன்னு எந்த டெவலப்பரும் பாக்கறதில்ல. பட்ஜெட்டை 0ன்னு வச்சா அதோட நின்னுடும், இது ஆஷூர் மாதிரி வெறும் மெயில் இல்ல, நிஜமாவே நிறுத்தும்.

புதுசு_புதுசா

ஒரே ஒரு சீட் எடுத்து அந்த ஐடியை நாலு பேர் பங்கு போட்டுக்கிட்டா?

பழைய_அட்மின்

வந்துட்டாரு 😀 லைசென்ஸ் ஆளுக்குத்தான், பங்கு போடறது விதிமீறல். அதை விடுங்க, நடைமுறைலயே உதவாது. அது யாரோட மெயில்பாக்ஸ்ல லாகின் ஆகியிருக்கோ அவரோட மெயிலைத்தான் பாத்துப் பேசும். பர்ச்சேஸ் ஆளு அந்த ஐடில போய் "எனக்கு வந்த கொட்டேஷனை ஒப்பிடு"ன்னா சேல்ஸ் ஆளோட இன்பாக்ஸைத் தேடும்.

ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து இன்னொருத்தருக்கு குடுக்கலாம், அது தப்பில்ல. ஆனா வாரா வாரம் சுத்தி விடற மாதிரி இல்ல, ஒரு தடவை மாத்தினா 90 நாளுக்குள்ள மறுபடி மாத்தக் கூடாதுன்னு விதி. ஆள் வேலையை விட்டா, லீவ்ல போனவருக்கு பதிலா ஒருத்தர் வந்தா, அதுக்கு விலக்கு. ஸ்க்ரீன்ல அது தடுக்காது, ஆனா கான்ட்ராக்ட்ல இருக்கு.

ரிப்போர்ட்_ராணி

நான் ஒரு ஹாஸ்பிட்டல் குரூப்ல அட்மின். சீட் எத்தனைங்கறதை வாங்கறதுக்கு முன்னாடி யாராலயும் சரியா சொல்ல முடியாது, அதனால கொஞ்சமா வாங்கி ரிப்போர்ட்டைப் பாருங்க. அட்மின் சென்டர்ல ரிப்போர்ட்ஸ், யூசேஜ், அதுக்குள்ள மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட். லைசென்ஸ் இருக்கறவங்க எத்தனை, அதுல நிஜமா தொட்டவங்க எத்தனைன்னு மேல காட்டும், கீழ ஒவ்வொருத்தரும் கடைசியா எப்ப யூஸ் பண்ணாங்கன்னு தேதி, வேர்ட், எக்ஸெல், டீம்ஸ், அவுட்லுக்னு தனித்தனியா.

முதல் தடவை திறந்தா பேருக்கு பதிலா எழுத்தும் நம்பரும் கலந்து ஒரு கோர்வையா வரும், ஏதோ கெட்டுப்போச்சுன்னு பயந்துடாதீங்க. பேரை மறைக்கறது டிஃபால்ட். செட்டிங்ஸ்ல ஆர்க் செட்டிங்ஸ் போய் ரிப்போர்ட்ஸ்ல அந்த டிக்கை எடுத்தா பேர் வரும், அதுக்கு குளோபல் அட்மின் வேணும். எடுக்கறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறது மரியாதை.

எங்ககிட்ட ஆச்சரியமா அதிகம் யூஸ் பண்ணது டாக்டர்ஸும் இல்ல, மேனேஜ்மென்ட்டும் இல்ல. இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருக்கற பொண்ணுங்க. நாள் முழுக்க டிபிஏக்கு (இன்சூரன்ஸ் க்ளெய்ம் பாக்கற இடைநிலை கம்பெனி) மெயில், அவங்க கேள்வி கேட்டா பதில், அந்த பதிலுக்கு மறுபடி கேள்வி. லிஸ்ட் போடறப்ப அவங்க பேரை யாருமே சொல்லல, மிச்சம் ரெண்டு சீட் இருந்ததுனால குடுத்தது.

சென்னை_ஆப்ஸ்

இது உண்மை. டெசிக்னேஷன் பாத்து சீட் குடுத்தா ஜிஎம் எல்லாருக்கும் போகும், ஒருத்தரும் திறக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், லைசென்ஸ் போடறதுக்கு முந்தி ஷேர்பாயின்ட் பெர்மிஷனைப் பாத்துடுங்க. அந்த ஆளுக்கு என்னென்ன ஃபைலுக்கு அனுமதி இருக்கோ அதெல்லாம் கோபைலட் கண்ணுல படும். "எவரிஒன் எக்செப்ட் எக்ஸ்டெர்னல் யூசர்ஸ்"னு மொத்த கம்பெனிக்கும் என்னைக்கோ யாரோ ஷேர் பண்ணின ஃபோல்டர்ல சம்பள ஷீட் இருந்தா, இதுவரைக்கும் யாருக்கும் அந்த ஃபோல்டர் இருக்கறதே தெரியாது. இப்ப "இன்க்ரிமென்ட் லிஸ்ட் எங்க இருக்கு"ன்னு கேட்டா எடுத்துக் குடுத்துடும். அது லீக் இல்ல, நீங்க திறந்து வச்சதுதான்.

வால்வ்_ஐடி

எல்லாருக்கும் நன்றிங்க. எம்.டிகிட்ட உக்காந்து பேசிட்டேன். 175 கேள்வி கணக்கைச் சொன்னதும் பட்டுனு புரிஞ்சுக்கிட்டாரு, யாவாரி இல்லீங்களா. இப்போதைக்கு 12 சீட் கோபைலட் பிசினஸ்: எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷன் மூணு பேர், சர்வீஸ் கம்ப்ளெய்ன்ட் மெயில் பாக்கறவங்க, பர்ச்சேஸ்ல ரெண்டு, டெண்டர் எழுதறவங்க. மத்தவங்களுக்கு சும்மா கிடைக்கற சாட், அதை எப்படி யூஸ் பண்றதுன்னு சனிக்கிழமை ஒரு மணி நேரம் வகுப்பு நானே எடுக்கறேன். ஸ்டோர்ஸுக்கும் அசெம்ப்ளிக்கும் கேட்டலாக் ஏஜென்ட் ஒண்ணு, மீட்டர்ல, ஒரே குரூப்புக்கு மட்டும். ரீசெல்லர்கிட்ட 21 டாலர் ஐட்டம்னு எழுதிக் கேட்டதும் "ஆமாங்க சார் அது ஒண்ணு இருக்கு"ன்னு திருத்தி அனுப்பிட்டாரு. ஷேர்பாயின்ட்டைத் திறந்து பாத்தேன், சம்பள ஷீட் இல்ல, ஆனா டீலர் டிஸ்கவுன்ட் பட்டியல் மொத்த கம்பெனிக்கும் தெறந்து கிடந்துச்சு. பூட்டிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். புது கொட்டேஷன்ல "ஆட்டோ ரினியூவல்: ஆன்"னு இருக்கு. அதை நான் அட்மின் சென்டர்ல போய் அணைச்சுக்கலாங்களா?

பழைய_அட்மின்

ரீசெல்லர் வழியா வாங்கினா அந்த பட்டன் அவங்க கையில, உங்க ஸ்க்ரீன்ல காட்டும் ஆனா மாத்த விடாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல, வேலையை விட்டுப் போனவங்க சீட்டையும் சேத்து இன்னொரு வருஷம் தானா ரினியூ ஆயிடுச்சு, 7 நாள் தாண்டின பிறகுதான் பாத்தாங்க, ரீசெல்லர் கையை விரிச்சுட்டாரு. அதனால பிஓலயே (பர்ச்சேஸ் ஆர்டர்) ஒரு வரி சேத்துடுங்க: "ஆட்டோ ரினியூவல் ஆஃப் செய்யப்பட வேண்டும், எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் புதுப்பிக்கக் கூடாது." அவங்க ஆஃப் பண்ணிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பின பிறகு பணத்தைப் போடுங்க.

டேலி_அக்கா

பிஓல ஜிஎஸ்டி நம்பரையும் ஒரு தடவை சரி பாருங்க தம்பி.